நிறம் மாறும் கல் வாங்கப் போகிறவருக்கு

பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரியும் கல் ஒன்று உண்டு. அலெக்ஸாண்ட்ரைட் என்று பெயர். ஜெயங்கொண்டம் கடைவீதியில் பவளமும் முத்தும் கேட்டால் எடுத்துப் போடுவதுபோல இதை எடுத்துப் போட முடியாது, அவ்வளவு அரிது. நம் பக்கத்துக்கு இது வேறு வழிகளில் வந்து சேர்கிறது. கொழும்பு போய் வந்த உறவினர் கொண்டுவருவார். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தவர் கைவிரலில் மோதிரமாக வரும். ராசிக்கல் விற்பவர் வீட்டுக்கே வந்து, கல்லை வாசலில் ஒரு தடவையும் சாமி விளக்கின் பக்கத்தில் ஒரு தடவையும் காட்டுவார். இப்போது கைபேசியில் வீடியோவாகவும் வருகிறது.

கண்ணெதிரே ஒரு கல் நிறம் மாறினால் யாருக்கும் மனசு இளகும். கண்ணால் பார்த்தாயிற்று, இனி என்ன சந்தேகம் என்று பணத்தை எடுத்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அந்த இடத்தைப் பற்றித்தான். நிறம் மாறுவது அசலுக்குச் சான்றே அல்ல. இந்தக் கல்லின் குணங்களில் மிக மலிவாகப் போலி செய்யக்கூடியது அதுதான். ஆகவே "எவ்வளவு நன்றாக மாறுகிறது" என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதல் கேள்வி, "இது என்ன கனிமம்?"

அலெக்ஸாண்ட்ரைட் நமக்கு முழுக்க அந்நியமான கல்லும் அல்ல. நவரத்தினத்தில் கேதுவுக்கு வைடூரியம் சொல்கிறோம் அல்லவா, நடுவே ஒளிக்கோடு ஓடும் அந்தப் பூனைக்கண் கல்லும் இதுவும் ஒரே கனிமம்தான். கிரைசோபெரில் என்று அதற்குப் பெயர். பெரிலியம், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாவது. அலுமினியம் உட்கார வேண்டிய இடங்களில் மிகச் சிறிதளவு குரோமியம் புகுந்துகொண்டால் அந்தக் கிரைசோபெரில் அலெக்ஸாண்ட்ரைட் ஆகிறது. ஒளிக்கோடும் நிறமாற்றமும் ஒரே கல்லில் சேர்ந்து வருவதும் உண்டு, ஆனால் மிக அபூர்வம்.

குரோமியத்தின் வேலை வியப்பானது. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவது அதுதான். மரகதத்தைப் பச்சையாக்குவதும் அதேதான். எந்தக் கனிமத்துக்குள் போய் உட்காருகிறதோ அதற்கேற்ப ஒளியின் எந்தப் பகுதியை விழுங்குவது என்பது மாறிவிடுகிறது. மாணிக்கத்தில் அது பச்சையை விழுங்கிச் சிவப்பை விட்டுவைக்கிறது. மரகதத்தில் ஆரஞ்சும் சிவப்புமான பகுதியை விழுங்கிப் பச்சையை விட்டுவைக்கிறது. கிரைசோபெரிலில் இரண்டுக்கும் நடுவே, 580 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் பகுதியை விழுங்குகிறது. அதனால் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு, இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் வெளியே வரக் காத்திருக்கின்றன. நண்பகல் வானத்து ஒளியில் நீலமும் பச்சையும் தாராளமாக இருப்பதால் பச்சை மேலோங்குகிறது. அகல்விளக்கு, மெழுகுவத்தி, பழைய குண்டு பல்பு ஆகியவற்றின் ஒளியில் சிவப்பு தூக்கலாக இருப்பதால் சிவப்பு மேலோங்குகிறது. கல்லுக்குள் எதுவும் மாறுவதில்லை. அதன்மேல் விழும் ஒளிதான் மாறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பட்டு நெசவு நடக்கும் இலையூர், வாரியங்காவல் பக்கத்தவருக்கு மயில்கழுத்துப் பட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலையைத் திருப்பத் திருப்ப, அதே வெளிச்சத்திலேயே நிறம் மாறும். சில கற்களும் அப்படித்தான். ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலம், திருப்பினால் சாம்பல் மஞ்சள் என்று மாறும் ஐயோலைட் அந்த வகை. அது நிறம் மாறும் கல் ஆகாது. அலெக்ஸாண்ட்ரைட்டைச் சோதிக்கும்போது கல்லை அசைக்காமல் வைத்துவிட்டு விளக்கை மாற்ற வேண்டும். விற்பவர் கல்லை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே காட்டினால், மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு அரிதாக இருப்பதற்குக் காரணம் பூமிக்குள் நடக்கும் ஒரு சந்திப்பு. குரோமியம், ஆழத்திலிருந்து வரும் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறைகளைச் சேர்ந்தது. பெரிலியம், கிரானைட் குழம்பு உறையும்போது கடைசியாக மிஞ்சும் சாற்றில் சேர்வது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அபூர்வம். பார்த்துக்கொண்டாலும் சிலிக்கா தாராளமாக இருந்தால் பெரிலியம் அதோடு சேர்ந்து மரகதமாகிவிடும். சிலிக்கா குறைவான இடத்தில்தான் அலெக்ஸாண்ட்ரைட்டுக்கு வாய்ப்பு. முதன்முதலில் இது மரகதச் சுரங்கத்தில் கிடைத்ததில் வியப்பில்லை. 1830களில் ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில், யெகாதெரின்பர்க் பக்கத்தில் தோக்கோவயா ஆற்றங்கரைச் சுரங்கங்களில் கண்டெடுத்தார்கள். அப்போது பட்டத்து இளவரசராக இருந்து பின்னாளில் இரண்டாம் அலெக்சாண்டர் என்று முடிசூடியவரின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

இந்தப் பாறைக் கணக்கு நம் ஊருக்கு நேரடியாகப் பயன்படும். "கிணறு வெட்டும்போது கிடைத்தது", "ஓடையில் எடுத்தது" என்று கல்லோடு ஒரு கதையும் சேர்ந்து வரும். அரியலூர் மாவட்டத்து மண் பெரும்பாலும் பழைய கடலின் வண்டல். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல், அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவம், ஜெயங்கொண்டத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி, பெரம்பலூர் பக்கம் காரையில் ஜிப்சம், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த மண் எதைத் தரும் என்பது கண்ணுக்குத் தெரியும். உலகத்து நிலவியலாளர்கள் தேடி வரும் செல்வம் இது. ஆனால் அலெக்ஸாண்ட்ரைட் இந்த வண்டலில் விளைவதில்லை. ஜிப்சமாக இருந்தால் நகத்தால் கீறலாம், கால்சைட்டாக இருந்தால் கத்தியால் கீறலாம். அலெக்ஸாண்ட்ரைட்டின் கடினம் 8.5, கத்தி அதைத் தொடக்கூட முடியாது. ஆனால் விலைக்கு வந்த கல்லின்மேல் இந்தக் கீறல் சோதனையைச் செய்யாதீர்கள்.

இந்தியாவில் இது கிடைக்கும் இடங்கள் வேறு. ஆந்திராவில் விசாகப்பட்டினத்தை ஒட்டிய பகுதி, ஒடிசா, கேரளத்தின் தென்பகுதி, சத்தீஸ்கரில் கரியாபந்த் மாவட்டத்துத் தேவ்போக் பக்கம். நமக்கு மிக அருகே, மிகப் பழக்கமான இடம் இலங்கை. இரத்தினபுரி வட்டாரத்தில் வயலுக்கு அடியில் குழி இறக்கி, இல்லம் எனப்படும் சரளைப் படிவத்தை மேலே ஏற்றிக் கூடையில் அலசுகிறார்கள். நீலக்கல், வைடூரியம், கோமேதகம் ஆகியவற்றோடு எப்போதாவது ஒரு அலெக்ஸாண்ட்ரைட் தேறும். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 65 காரட்டுக்கு மேற்பட்ட பெரிய கல் இலங்கையில் கிடைத்ததுதான். பிரேசிலின் ஹெமடீட்டா என்ற இடத்தில் 1987இல் தரமான கற்கள் கிடைக்கத் தொடங்கிய பிறகு சந்தைக்கு மறுபடி உயிர் வந்தது.

கொழும்புக்கும் தமிழகக் கடற்கரைக்கும் இடையே கல் வியாபாரம் பழையது. கீழக்கரை வணிகக் குடும்பங்களும், இலங்கையில் பேருவளைச் சீனங்கோட்டை வியாபாரிகளும் தமிழிலேயே விலை பேசிப் பழகியவர்கள். அதனால் நமக்கு அங்கே வாங்குவது எளிது. மொழி தெரிந்த தைரியத்தில் அவசரப்படுவதும் எளிது.

இலங்கைக் கல்லின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகலில் மரகதம், இரவில் மாணிக்கம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். உரால் பகுதியின் மிக உயர்ந்த கற்களுக்கும் பிரேசிலின் சிறந்த கற்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். இலங்கைக் கற்கள் பலவும் பகலில் மஞ்சள் கலந்த பச்சை, விளக்கில் பழுப்புக் கலந்த சிவப்பு. அளவில் பெரியவை, மாற்றத்தில் அடக்கமானவை. அது குறையல்ல, அந்த நிலத்தின் இயல்பு. நாடக மேடை விளக்குபோல் பளீரென்று மாறும் பெரிய கல்லை ஒருவர் "சிலோன் அசல்" என்று காட்டினால் அங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும்.

இனிப் போலிகள். நம் வீடுகளில் அலெக்ஸாண்ட்ரைட் என்ற பெயரில் இருக்கும் பழைய மோதிரக் கற்களைப் பரிசோதித்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை வனேடியம் சேர்த்த செயற்கைக் குருந்தம். குருந்தம் என்பது மாணிக்கமும் நீலக்கல்லும் ஆன கனிமம். அதன் தூளை நெருப்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகக் கட்டியாக்கும் முறையைப் பிரான்சின் ஒகுஸ்த் வெர்நெய் 1902இல் வெளியிட்டார். தூளோடு கொஞ்சம் வனேடியம் சேர்த்தால் நிறம் மாறும் கல் தயார். எனவே "தாத்தா மலாயாவில் வாங்கியது, எழுபது வருஷ மோதிரம்" என்பதை நம்பலாம். மோதிரம் பழையதாகவே இருக்கலாம். ஆனால் தாத்தா வாங்கிய காலத்திலும் செயற்கைக்கல் விற்றுக்கொண்டுதான் இருந்தது. பழமை அசலுக்கு உத்தரவாதம் தராது.

இந்தச் செயற்கைக் குருந்தத்தின் நிறத்தை ஒரு முறை மனதில் பதித்துக்கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. பகலில் அது சாம்பல் கலந்த நீலம், அல்லது நீலம் கலந்த ஊதா. விளக்கு வெளிச்சத்தில் இளஞ்சிவப்பு ஓடிய ஊதா. பச்சை என்பதே அதில் இருக்காது. கத்தரிப்பூ நிறம் எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே சந்தேகம் வர வேண்டும்.

இதையல்லாமல் செயற்கை ஸ்பைனல் உண்டு. நியோடிமியம் சேர்த்த கண்ணாடி உண்டு. அது வெயிலிலும் குண்டு பல்பிலும் இளம் ஊதாவாக இருந்து, டியூப்லைட்டுக்கு வந்தால் வெளிர்நீலம் ஆகும். இயற்கையாகவே நிறம் மாறும் நீலக்கல்லும், கார்னெட்டும், துருக்கியின் டயஸ்போரும் உண்டு. அவை போலி இல்லை, தத்தம் பெயரில் மதிப்புள்ள கற்கள். அலெக்ஸாண்ட்ரைட் என்று சொல்லி விற்கும்போதுதான் ஏமாற்று ஆகிறது.

திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் செயற்கைக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. சாணைச் சக்கரத்தின் முன்னே குனிந்து உட்கார்ந்து, கடுகு அளவுக் கல்லில் கணக்குப் பிசகாமல் பட்டை வைக்கும் அந்தக் கைகளுக்கு என் மரியாதை உண்டு. அவர்கள் அதைச் செயற்கை என்று சொல்லித்தான் தருகிறார்கள். கடைசியாக விற்கும் கை அந்தச் சொல்லை மறைக்கும்போது அந்தத் தொழிலுக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர் வருகிறது.

சரி, கல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் வெளிச்சம். காலை, மாலை வெயிலில் சிவப்பு கலந்திருக்கும், அப்போது பார்க்காதீர்கள். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், நேர் வெயிலில் இல்லாமல் நிழலான வாசலில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளறையில் சன்னலைச் சாத்திவிட்டு அகல்விளக்கையோ மெழுகுவத்தியையோ ஏற்றி, அதே தாளில் வைத்துப் பாருங்கள். எல்இடி விளக்கை நம்பக் கூடாது. மஞ்சளாகத் தெரியும் எல்இடி பல்பில்கூடக் குண்டு பல்பில் உள்ள அளவுக்கு அடர்சிவப்பு இருப்பதில்லை. நல்ல கல்லையும் அது மங்கலாகக் காட்டிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. விற்பவர் தம் டார்ச்சை அடித்துக் காட்டினால் கல்லைப் பார்க்கும் முன் பக்கத்திலுள்ள வெள்ளைத் தாளைப் பாருங்கள். தாளே சிவந்தோ பச்சையாகவோ தெரிந்தால் அந்த டார்ச்சில் எந்தக் கல்லும் நிறம் மாறும். கைபேசி வீடியோவை வைத்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்வதுதான் கேமராவின் வேலை. அது இல்லாத மாற்றத்தையும் காட்டும், இருக்கும் மாற்றத்தையும் மறைக்கும்.

அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் நகை ஆசாரியிடம் இருக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கல்லை அதில் போட்டு, கீழிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நெருப்பில் சொட்டி வளர்ந்த குருந்தத்தின் உள்ளே மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பூமிக்குள் வளர்ந்த படிகத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும், வளையாது. வளைகோட்டைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம். உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தாலும் அப்படியே. ஆனால் வளைகோடு கண்ணில் படவில்லை என்பதால் கல் அசல் ஆகிவிடாது. வனேடியக் குருந்தத்தில் அந்தக் கோட்டைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்தது, தண்ணீர் எடை. மோதிரத்தில் பதிக்காத தனிக்கல்லுக்கு மட்டும் ஆகும். காரட்டில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்தராசு வேண்டும். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து காரட் இருக்கிறது என்று வைப்போம், அதாவது ஒரு கிராம். பிறகு சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்றில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, கல்லில் குமிழ் ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். குருந்தத்துக்கு ஒப்படர்த்தி 4.00, எனவே ஐந்து காரட் கல்லுக்குத் தராசு 1.25 காட்டும். கிரைசோபெரிலுக்கு 3.73, எனவே 1.34 காட்டும். க்யூபிக் சிர்கோனியா, அதாவது அமெரிக்கன் டைமண்ட், இன்னும் கனம், 0.9ஐ ஒட்டி நின்றுவிடும். 1.25க்கும் 1.34க்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தில் லட்ச ரூபாய் தங்கியிருக்கிறது. ஒரு காரட்டுக்கும் சிறிய கல்லில் வித்தியாசம் தராசின் பிழைக்குள்ளேயே போய்விடும். அப்போது இந்த வழி உதவாது. ஸ்பைனலின் ஒப்படர்த்தி 3.64; அதையும் வீட்டுத் தராசில் பிரித்தறிவது கடினம்.

இத்தனையிலும் தேறிய கல்லுக்கும் ஒரு பெரிய கேள்வி மிச்சம். அலெக்ஸாண்ட்ரைட்டையே ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் 1973இல் விற்பனைக்கு வந்தது. ஜப்பான் நிறுவனங்களும் செய்தன. அது போலிக் கண்ணாடி அல்ல. அதே கனிமம், அதே ஒப்படர்த்தி, அதே நிறமாற்றம். நகரத்துத் தோல் மருத்துவமனைகளில் தேவையற்ற முடியை நீக்கப் பயன்படுத்தும் லேசர் ஒன்று 755 நானோமீட்டரில் ஒளி தருகிறது. அதன் உள்ளே இருப்பது இப்படி வளர்த்த அலெக்ஸாண்ட்ரைட் தண்டுதான். அவ்வளவு தூய்மையாக வளர்க்கத் தெரிந்திருக்கிறது. வீட்டிலோ ஆசாரியிடமோ இதை இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. உள்ளே சிக்கியிருக்கும் நுண்பொருள்களையும், எந்தத் தனிமம் எவ்வளவு என்பதையும் கருவிகளால் பார்க்கும் ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

ஆய்வகக் கல்லை வாங்குவதில் தவறே இல்லை என்பது என் கருத்து. நிறமாற்றத்தின் அழகுக்காக மட்டும் ஆசைப்படுகிறவருக்கு அதையே சிபாரிசு செய்வேன். இயற்கைக் கல்லின் விலையில் சிறு பங்குக்கு, பெரும்பாலான இயற்கைக் கற்களைவிடத் தெளிவான மாற்றம் கிடைக்கும். "ஆய்வகத்தில் வளர்த்தது" என்று பில்லில் எழுதி, அதற்குரிய விலைக்குத் தந்தால் போதும்.

இயற்கைக் கல்தான் வேண்டும் என்றால் சான்றிதழ் இல்லாமல் பேச்சையே தொடங்காதீர்கள். விற்பவரே அச்சடித்த அட்டை சான்றிதழ் ஆகாது. ஜெய்ப்பூரில் 1972இலிருந்து இயங்கும் ரத்தினப் பரிசோதனை ஆய்வகம், மும்பையில் ஜிஐஏ போன்ற விற்பனையோடு தொடர்பில்லாத ஆய்வகங்களின் அறிக்கை வேண்டும். அதில் "நேச்சுரல்" என்ற சொல்லும், கிரைசோபெரில் வகை அலெக்ஸாண்ட்ரைட் என்ற குறிப்பும், எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறுகிறது என்பதும் இருக்கும். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கல்லின் எடையையும் நீள அகலத்தையும் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். உண்மையான அறிக்கையை வேறு கல்லோடு சேர்த்து விற்பது பழைய தந்திரம். இலங்கையில் வாங்கினால், கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் பரிசோதித்த பிறகே பணம் தருவதாகச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். பரிசோதனை முடியும் வரை மோதிரத்தில் பதிக்க வேண்டாம். அடிப்பாகம் மூடிய மோதிரத்தில் உட்கார்ந்துவிட்ட கல்லைப் பற்றி எந்த ஆய்வகத்தாலும் முழுதாகச் சொல்ல இயலாது.

விலையைப் பொறுத்தவரை, நிறமாற்றம் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதே முதல் அளவுகோல். இரண்டு நிறமும் சுத்தமாக, பழுப்போ சாம்பலோ கலக்காமல் இருக்கிறதா என்பது அடுத்தது. பிறகு தெளிவு, எடை, பிறந்த இடம். பட்டை தீட்டிய இயற்கைக் கற்களில் பெரும்பாலானவை ஒரு காரட்டுக்கும் குறைந்தவை. ஒரு காரட்டைத் தாண்டி, நன்றாக மாறும் தெளிவான கல் லட்சங்களில்தான் விலை போகும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, உள்ளே ஒரு குறைகூட இல்லாத கல்லைச் சில ஆயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது இயற்கை அலெக்ஸாண்ட்ரைட் ஆக இருக்கவே முடியாது.

முதலீடு என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு மனதாரச் சொல்கிறேன், வேண்டாம். நம் ஊரில் நகையை அடகு வைத்தாலும் விற்றாலும் முதலில் கல் எடையைக் கழிப்பார்கள். பணம் தங்கத்துக்குத்தான். அலெக்ஸாண்ட்ரைட்டை மதிப்புத் தெரிந்து வாங்குகிறவர் ஜெய்ப்பூரிலோ மும்பையிலோ கொழும்பிலோ இருக்கலாம். அவசரத்துக்கு ஜெயங்கொண்டத்தில் கிடைக்க மாட்டார். பிள்ளை கல்யாணத்துக்கு என்று சேர்க்கும் பணத்தை இதில் போடக் கூடாது.

ராசிக்காக வாங்குகிறவர்களின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நவரத்தினக் கணக்கு வகுத்த காலத்தில் இந்தக் கல்லை யாரும் அறிந்திருக்கவில்லை. மேல்நாட்டில் ஜூன் மாதத்துக்குரிய கல் என்று சொல்வது அமெரிக்க நகை வணிகர்கள் 1952இல் தங்கள் பட்டியலில் சேர்த்தது. கேதுவுக்கு வைடூரியம் அணியச் சொன்னார் ஜோசியர் என்றால், அதே கனிமத்தின் பூனைக்கண் கல்லை அதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த விலையில் வாங்கலாம். கிரகத்தின் பெயரைச் சொல்லி அலெக்ஸாண்ட்ரைட்டுக்குக் கூடுதல் விலை கேட்டால், எந்த நூலில் இருக்கிறது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாகப் பில். ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்தெண் கொண்ட எச்யூஐடி குறியும் தங்கத்தின் தூய்மையை மட்டுமே சொல்கின்றன. மேலே பதித்த கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹால்மார்க் நகை என்றால் கல்லும் அசல் என்று எண்ணுகிற பழக்கத்தை விட வேண்டும். கல் எடையும் தங்க எடையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிராம் செயற்கைக் கல்லுக்கு ஒரு கிராம் தங்கத்தின் விலையைக் கொடுத்துவிட்டு வருவோம்.

ஒரு கல்லைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்பதை நம் பக்கத்தவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த நகைகளின் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு நகையிலும் எத்தனை மாணிக்கம், எத்தனை வயிரம், எத்தனை முத்து, கழஞ்சிலும் மஞ்சாடியிலும் எடை எவ்வளவு, காசில் மதிப்பு எவ்வளவு, எந்தக் கல்லில் என்ன குற்றம் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். இறைவனுக்குக் கொடுத்ததிலேயே குற்றத்தை மறைக்கவில்லை. அப்படியிருக்க நாம் காசு கொடுத்து வாங்கும் கல்லுக்கு "கல் – 1" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கி வரலாமா? "இயற்கை அலெக்ஸாண்ட்ரைட், இத்தனை காரட், இன்ன ஆய்வகத்தின் இன்ன எண் அறிக்கை, பரிசோதனையில் மாறுபட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று கடையின் பெயருள்ள பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் கல்லை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ஜெயங்கொண்டத்தவர் அரியலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் கடைக்காரரோடு சமாதானமாகத் தீர்க்கவும் வாய்ப்புண்டு. பில், ஆய்வக அறிக்கை, பணம் கட்டிய சான்று, விற்பவர் அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். கல்லையும் மோதிரத்திலிருந்து கழற்றவோ வேறு ஆசாரியிடம் கொடுத்துத் திருத்தவோ வேண்டாம். விற்றபோது இருந்த நிலையிலேயே அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.